கரி என்று தேய்த்த பாத்திரம்

நேற்று கடைவீதியில் ஒரு நான்ஸ்டிக் பாத்திரம் வாங்கினேன். நீண்ட கைப்பிடி, கண்ணாடி மூடி, இரண்டு பேருக்குக் கஞ்சியோ ரசமோ வைக்கிற அளவு. கடைப்பெண் மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, உள்பூச்சு கல் மாதிரி உழைக்கும், கலர் கலராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒரு பாத்திரத்தைக் கண்ணாடி மேசையில் வைத்து அதன் விளிம்பை ஒரு விரலால் அழுத்தினேன். லேசாக ஆடியது. அடுத்ததை வைத்து அழுத்தினேன்.

"இன்னா சார் பாக்கறீங்க?"

"அடி சமமா இருக்குதான்னு பாக்கறேம்மா."

"அடுப்பு மேல வெச்சா எல்லாம் நிக்கும் சார். நான் கடைக்கு வந்ததுலேர்ந்து யாரும் இப்டி அமுக்கிப் பாத்ததில்ல."

அவள் சொன்னது உண்மையாக இருக்கும். அந்த விரல் என்னுடையதும் இல்லை. நீ அழுத்திப் பார்த்த விதம் அது. இத்தனை வருடம் கழித்து என் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அந்தப் பெண் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. நீ போன பிறகு வருகிற முதல் மழைக்காலம் இது. கடைக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஆடாத பாத்திரமாக ஒன்றை எடுத்துக்கொண்டு, குடையை விரிக்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

நீ படம் எடுப்பவன், நான் எழுதுபவன். பத்திரிகை வேறு வேறு, அறை ஒன்று. கள்ளக்குறிச்சியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்காரர் குடும்பம். அறையை நான்தான் பிடித்தேன். திருநாவலூர்ப் பக்கம் என் ஊர் எது, என் அப்பா யார் என்பதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருடைய மனைவிக்கு நான் தூரத்துச் சொந்தமாகக்கூட வருவேன். பிறகு நீ உன் கேமரா பையோடு வந்து சேர்ந்தாய். என்னோடு வந்தவன் என்பதால் என் ஆள் என்றே எடுத்துக்கொண்டார்கள். உன் ஊர் எது என்று கேட்டார்கள், சொன்னாய். ஊரிலா, ஊருக்கு வெளியே காலனியிலா என்று அவர்கள் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மாவை இரண்டு பேரும் அக்கா என்று கூப்பிட்டோம்.

அப்போது உனக்கு வயிற்றில் புண் முற்றி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து, இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். பல வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக, கஞ்சியும் பாலும் குழைந்த சோறும்தான் என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர். எண்ணெய் ஆகாது, காரம் ஆகாது. அதைவிடப் பெரிய சிக்கல் உன் மூக்கு. அறுவைக்குப் பிறகு லேசாக அடிப்பிடித்த வாசனை வந்தாலே உனக்குக் குமட்டும். குமட்டினால் தையல் இழுக்கும். வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஒரு கறுப்புப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவருவார். கஞ்சியை ஊற்றிய பிறகு உள்ளே ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்காது. படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

"அத ஒண்ணு வாங்கிட்டா நான் பொழச்சிக்குவேன்யா," என்றாய்.

நம் ஊரில் அப்போது அது கிடைக்காது. டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாண்டிச்சேரியில் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தாய். கடைக்காரர் பளபளவென்று இருந்ததை முதலில் காட்டினார். நீ அதைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்து விளிம்பில் அழுத்தினாய். ஆடியவை கழிந்தன. மிஞ்சியவற்றை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், நெகட்டிவைப் பார்ப்பது போலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய். பூச்சில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி இருந்தாலும் கீழே வைத்துவிட்டாய். பிறகு தண்ணீர் கேட்டாய். கால்வாசி ஊற்றி, கைப்பிடி கனத்தில் பாத்திரம் பின்பக்கம் சாய்கிறதா என்று பார்த்தாய். கைப்பிடியின் ஆணிகளை நகத்தால் நெம்பினாய். கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"என்னங்க இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க?"

"பொண்ண இவ்ளோ நேரம் யாருங்க பாக்க வுடறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். நீ சிரிக்கப் போய், வலியில் கண்ணை மூடிக்கொண்டாய். கடைசியில் எடுத்தது இருந்ததிலேயே கனமான அடியுள்ளது. மெல்லிசாக இருந்தால் நம் பம்ப் ஸ்டவ் நடுவில் மட்டும் சுடும், ஓரத்தில் கஞ்சி வேகாது, நடுவில் தீயும் என்று பஸ்ஸில் வரும்போது விளக்கினாய். பாத்திரம் உன் மடியில் இருந்தது. கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டாய். அதற்கு முன் நீ அதை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதைப் பராமரிக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டார்க்ரூமில் ஃபிலிமை எப்படி நடத்துவாயோ அப்படியே இதையும் நடத்தினாய். நகம் படக்கூடாது. சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் படக்கூடாது, பூச்சு விரிந்துபோகும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக்கூடாது. பம்ப்பை அடித்துத் தீயை ஏற்றக்கூடாது. கரண்டி ஆகாது, கொட்டாங்குச்சி அகப்பைதான். கழுவ ஒரு கிழிந்த பனியன் துணி, அதற்கென்று தனியாக ஆணியில் தொங்கியது. நான் ஒருமுறை அதற்குள் எவர்சில்வர் தட்டை வைத்துவிட்டேன். நீ எடுத்து, நடுவில் ஒரு செய்தித்தாளை மடித்துப் போட்டு, மறுபடி வைத்தாய்.

"உன் பேப்பர வெக்காத, மை ஒட்டும். எங்க பேப்பர்ல அவ்ளோ மேட்டர் இருக்காது, அத வை."

அரிசியை லேசாக வறுத்து உடைத்து, தண்ணீர் நிறைய விட்டு, சின்னத் தீயில் வைப்பாய். அடிக்கடி கிண்ட மாட்டாய். கஞ்சி தன்பாட்டில் கொதித்துத் திரளும். டம்ளரில் சாய்த்தால் வழுக்கி வந்து விழும். முதல் வாரத்தில் அரை டம்ளர் குடித்தாய். பிறகு முக்கால். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குகிற அளவுக்குத் தேறினாய்.

அந்த நேரத்தில்தான் சாலைகளை மறித்தார்கள்.

எங்கள் சாதி ஆட்கள் கேட்டது தனி இட ஒதுக்கீடு. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொன்னார்கள், அது பொய்யில்லை. கரும்பு வெட்டியே முதுகு வளைந்த ஆட்கள் சாலையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "கேக்கறது ஞாயந்தான்யா," என்று நீயே சொன்னாய். உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சில இடங்களில் தார்ச்சாலையை வெட்டிப் பள்ளமாக்கியிருந்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, காய்கறி இல்லை. போராட்டம் எல்லா இடத்திலும் சாலையோடு நிற்கவும் இல்லை. சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்தன. அங்கே போய்விட்டு வந்து, படச்சுருளைக் கழுவித் தொங்கவிட்டுவிட்டு, நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய்.

ஒரு நாள் காலை, சைக்கிளில் போன நம்மை மரத்தடியில் நிறுத்தினார்கள். ஒருவர் கையில் அரிவாள் இருந்தது, மரம் வெட்டின தூள் அதில் ஒட்டியிருந்தது. என்னிடம் ஊரைக் கேட்டார்கள், சொன்னேன். என் அப்பா பெயரைச் சொன்னதும் ஒருவர் பீடியைக் கீழே போட்டார். பிறகு உன் பக்கம் திரும்பினார்கள்.

"நீ இன்னா ஊருபா?"

சொன்னாய்.

"ஊருல எந்தத் தெரு?"

நீ வாய் திறக்குமுன் நான் பேசிவிட்டேன். "நம்ப ஆளுதாண்ணே. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது, வயித்த அறுத்துகினு வந்திருக்கறான். வெயில்ல நிக்க வெக்காதீங்க."

அவர்கள் உன்னை நிழலுக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். செம்பைத் தூக்கிக் குடித்தாய். திரும்பும் வழியில் நான் மிதித்தேன், நீ பின்னால் கேரியரில் இருந்தாய்.

"பரவால்லயா. உங்க ஆளாயிட்டேன். மோரு நல்லாத்தான் இருந்துச்சி," என்றாய்.

"வேற இன்னா சொல்றது அங்க?"

"ஒண்ணும் சொல்ல முடியாதுதான். உயிரு வேணுமே. அந்தச் செம்ப நான் கழுவி வெச்சிட்டு வந்தேன், பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. நீ ஏன் அதைச் சொன்னாய் என்பதும் அப்போது எனக்குப் புரியவில்லை.

கீழ்வீட்டில் அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. வீட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார், சாலை மறித்ததில் அங்கேயே மாட்டிக்கொண்டார். தாய்ப்பால் போதவில்லை. பால் வண்டி நின்றுபோனதால், தெருக்கோடியில் ஒரு வீட்டில் ஆடு கறந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஊற்றுவார்கள். அந்தக் கொஞ்சத்தை மெல்லிய எவர்சில்வர் சொம்பில் வைத்தால் பாதி அடியில் பிடித்துவிடும். மிஞ்சியதில் தீய்ந்த வாசனை, குழந்தை துப்பிவிடும். ஒரு நாள் காலை அக்கா கீழே மகளைத் திட்டுவது கேட்டது. தீய்ந்த வாசனை மாடி ஏறி வந்தது. நீ மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு எழுந்து, அலமாரியிலிருந்து பாத்திரத்தை எடுத்தாய். நான் தடுக்கவில்லை. அது உன் பாத்திரம்.

"அக்கா, இதுல காச்சுங்க. அடி புடிக்காது. தீய மட்டும் கம்மியா வெச்சிக்குங்க."

"இன்னா தம்பி, உனுக்குக் கஞ்சி?"

"கொழந்த குடிச்ச அப்றம் வெச்சிக்கறேன். கழுவாதீங்கக்கா, அப்டியே குடுத்துடுங்க. நான் பாத்துக்கறேன்."

அன்று பால் தீயவில்லை. குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது. மதியம் அக்கா பாத்திரத்தைத் தானே மேலே கொண்டுவந்தார். முகம் மலர்ந்திருந்தது. வெகுநாள் கழித்து நான் பார்த்த மலர்ச்சி அது.

"அப்டியே குடுன்னா குடுத்துடுவமா? ஒரு வூட்டுப் பாத்திரத்த அப்டியா திருப்பறது? ஆம்பளப் பசங்க நீங்க, எத்தினி நாளா தேய்க்காம வெச்சிருந்தீங்களோ, உள்ளாரலாம் கரி ஏறிக் கெடந்துது. செங்கத்தூளு போட்டு, தேங்கா நாருல தேச்சேன் தேச்சேன், கையே போச்சி. இப்ப பாருங்க."

பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளி மாதிரி இருந்தது. பூச்சு முழுவதும் போய்விட்டது. நார் எட்டாத இடத்தில், கைப்பிடியின் இரண்டு ஆணிகளைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம் மிச்சமிருந்தது. உள்ளே ஒரு கட்டி வெல்லம். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பதால்.

நீ அதை வாங்கிக்கொண்டாய். வெல்லத்தைப் பார்த்தாய். "தேங்க்ஸ்க்கா," என்றாய். அக்கா இறங்கிப் போனார். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, பாத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய், கடையில் பார்த்தது போலவே.

அதில் வைத்த கஞ்சி அன்று மாலையே அடிப்பிடித்தது. நான் பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டே இருந்தும் பிடித்தது. நீ வாசலுக்கு ஓடினாய். திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. வேறு வாங்கலாம் என்றால் பாண்டிச்சேரிக்குச் சாலை இல்லை. தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் இறுத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாய். மறுநாளும் அப்படித்தான். கன்னத்தில் ஏறியிருந்த சதை எவ்வளவு வேகமாக இறங்கியது என்று உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்குத் தெரியும்.

வயிறு காலியாக இருந்த அந்த நாட்களில் உன் மனம் வேறொரு பக்கம் போய்விட்டது. எரிந்த குடிசைகளைப் படம் எடுத்துவிட்டு வந்தவன் நீ. ஒரு மாலை திடீரென்று கேட்டாய்:

"கரின்னுதான் தேச்சாங்களா?"

"வேற எதுக்கு?"

"தெரிஞ்சி தேச்சிருந்தா?"

நான் வெல்லத்தைச் சொன்னேன். தீட்டு என்று நினைத்துத் தேய்க்கிறவர் வெல்லம் வைத்துத் தரமாட்டார் என்றேன். செய்திக்கு ஆதாரம் அடுக்குவது போல இன்னும் இரண்டு மூன்று காரணங்களையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாய்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா பாரு, அவங்க தேச்சதுமே எனக்கு அதான் தோணுச்சி. கரின்னு தோணல. ரோட்டுல ஒருத்தன்கிட்ட மறச்சேன், அது உயிருக்கு. தெனம் அக்கா அக்கான்னு கூப்புட்டுகினு இங்கயும் மறச்சிகினு இருக்கறது எதுக்கு? அவங்க கையால தேச்ச பாத்திரத்த வெச்சிகினு நான் சந்தேகப்படறேன்னா, அது அவங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

"இப்ப வேணாம். ரோடு தொறக்கட்டும். ஒடம்பு தேறட்டும்."

"ஒடம்பு தேறினா அப்றம் சொல்லவே மாட்டேன்யா. நான் என்னப் பத்தித் தெரிஞ்சவன்."

நீ இறங்கிப் போனாய். நான் பின்னால் வந்து படியில் நின்றேன். அக்கா முற்றத்தில் குழந்தைத் துணியை அலசிக்கொண்டிருந்தார். நீ சுற்றி வளைக்கவில்லை. உன் ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே காலனி என்று சொல்லி, "இத்தினி நாளா நான் சொல்லலக்கா," என்றாய்.

அக்காவின் கை தண்ணீருக்குள் நின்றது. கோபம் வரவில்லை. முதலில் வந்தது குழப்பம்.

"நான் கரின்னு நெனச்சித்தான் தேச்சேன், தம்பி. சத்தியமா."

"தெரியுங்கக்கா."

"அப்றம் எதுக்கு இத இப்ப சொல்ற?"

அக்கா துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியை மறுபடி வாளியில் போட்டு மறுபடி பிழிந்தார். "சரி போ தம்பி, வெயில்ல நிக்காத," என்றார். குரலில் மாற்றம் இல்லை. நீ மேலே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று இருவரும் நினைத்தோம்.

அடுத்த நாள் காலை அக்காவின் மகள் படியேறி வந்தாள், சில நாள் கழித்து அன்றுதான் கிடைத்த ஆட்டுப்பால் சொம்போடு. பாத்திரம் கெட்டுப்போனது அவளுக்குத் தெரியாது. "அண்ணே, அந்தக் கறுப்புப் பாத்திரம்..." என்று தொடங்கினாள். கீழேயிருந்து அக்கா கூப்பிட்டார்.

"வாண்டி கீழ. நம்ப சொம்புலயே காச்சிக்கலாம்."

"தீயுதும்மா."

"தீஞ்சா தீஞ்சிட்டுப் போவுது. வா."

அவள் இறங்கிப் போனாள். சிறிது நேரத்தில் தீய்ந்த பாலின் வாசனை மாடி ஏறி வந்தது. குழந்தை அழுதது. நீ மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தாய். தேய்த்த பாத்திரம் இனி உதவாது என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கலாமே, அதனால் வேண்டாம் என்றிருக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். நீ அலமாரியைக் கை காட்டினாய். பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவே நீ மடித்து வைத்த செய்தித்தாள் துருத்திக்கொண்டிருந்தது.

"நாமளும் நடுவுல பேப்பரு வெக்கறோம்ல. உரசக்கூடாதுன்னு. அந்த மாதிரிதான்யா."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் அந்த வாசனை வந்தது. நீ ஒரு நாளும் அக்காவைக் குறை சொல்லவில்லை. சொன்னது தப்போ என்று நான்தான் ஒருமுறை முணுமுணுத்தேன். "தப்பு இல்லயா. தெரியாம ஒருத்தர் கையால பாசத்த வாங்கிக்கறது திருட்டுத்தனமா இருந்துச்சி. இப்ப திருட்டு இல்ல. பாசமும் இல்ல, அது வேற விசயம்," என்றாய்.

சாலை திறந்ததும் வீட்டுக்காரர் ஆலையிலிருந்து வந்தார். அன்று மாலையே மாடி ஏறினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து, உட்காராமல் நின்றார்.

"பொண்ணும் பேரனும் இருக்கறாங்க. கீழ எடம் பத்தல. மேல ரூமு தேவப்படுது, தம்பி." உன்னைப் பார்த்து இதைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். நீ அதே அறையில்தான் இருந்தாய். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வேணும்னா இருக்கலாம்."

நீ அப்போதே எழுந்து பெட்டியை இழுத்தாய். ஃபிலிம் டப்பாக்கள், ட்ரேக்கள், கழுவின படங்கள். கடைசியாக அந்தப் பாத்திரத்தை எடுத்து, உள்ளே பனியன் துணியைச் சுற்றி வைத்தாய். அது எதற்கு என்று கேட்டேன்.

"இதுல கஞ்சி ஒட்டும். தண்ணி ஒட்டாதுல்ல. டெவலப்பருக்கு வெந்நீ வெச்சிக்கறேன்."

கருணாபுரத்தில் உன் அக்கா வீட்டுக்குப் போனாய். உன் சொந்த அக்கா. மண்சட்டியில் கஞ்சி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கிண்டி, உன்னைத் தேற்றியது அவர்தான். நானும் அந்த வாரமே அறையைக் காலி செய்தேன். படி இறங்கும்போது அந்த வீட்டு அம்மா குழந்தையோடு கதவோரம் நின்றார். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு நீ பத்திரிகை வேலையை விட்டாய். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டாய். அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் மலைக்காரர்கள் படம் எடுக்க வருவார்கள். கொஞ்ச காலத்துக்குப் பிறகு மலைக்குக் கீழேயும், கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கடை வைத்தாய். டார்க்ரூமில் அந்தப் பாத்திரம் ஸ்டவ் மேலேயே இருக்கும். நான் வரும்போதெல்லாம் பார்ப்பேன். அதைப் பற்றி நாம் பேசியதில்லை. வயிறு முன்பு போல ஆகவே இல்லை உனக்கு. கடைசி வரைக்கும் அரை வயிற்றுக்குத்தான் சாப்பிட்டாய்.

அந்த வீட்டைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினோம். நான் மழையில் நனைந்து வந்திருந்தேன். நீ எனக்கு டீ போட்டுக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாய்:

"அந்தப் பையன் வந்தான்யா கடைக்கு."

"எந்தப் பையன்?"

"ஆட்டுப்பால் குடிச்ச பையன். காலேஜு சேரறானாம், பாஸ்போர்ட் சைஸ் வேணும்னு வந்தான். அவங்க அம்மா கூட வந்திருந்துது. அதுக்கு என்னத் தெரியல. எனக்குத் தெரிஞ்சிது. அந்த அக்கா ஜாடை அப்டியே."

அன்று சாலையில் உட்கார்ந்தவர்கள் கேட்டதில் ஒரு பங்கு பிறகு கிடைத்திருந்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அவன் அம்மா பெருமையாகச் சொன்னாளாம். நீ கேட்டுக்கொண்டாயாம்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? மொகத்த கொஞ்சம் தூக்குபான்னு சொன்னேன். கீழ பாத்துகினு இருந்தான். நல்லா வந்துச்சி படம்."

டீயை வடிகட்டி என் கையில் கொடுத்தாய். எடுத்த படத்தை அவனுக்காகத் தனியாக இன்னொரு தடவை பிரிண்ட் போட்டதாகச் சொன்னாய். முதலில் போட்டதில் கன்னத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டதாம்.

நீ போன பிறகு உன் மகள் ஸ்டூடியோவை ஒழித்தாள். கேமராக்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள், அது நியாயம். என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டபோது நான் அந்தப் பாத்திரத்தைக் கேட்டேன். அவளுக்கு வியப்பாக இருந்தது. "இது சும்மா வெந்நீ பாத்திரங்க, மாமா," என்றாள். கழுவித் தரட்டுமா என்று கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் தேங்காய் நாரை எடுத்துவிட்டாள். தேய்க்காமல் கொடுப்பதற்கு அவளுக்கும் மனம் வரவில்லை. நான் திண்டிவனத்தில் என் வீட்டுக்குப் பஸ் ஏறுவதற்கு முன், உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டு, காகிதம் சுற்றிக் கொடுத்தாள்.

நேற்று வாங்கிய புதுப் பாத்திரத்தில் இன்று காலை கஞ்சி வைத்தேன். சின்னத் தீ. கொட்டாங்குச்சி அகப்பை இங்கே கடைவீதியில் கிடைக்கவில்லை, மரக்கரண்டிதான். ஒட்டவில்லை, சாய்த்ததும் வழுக்கி விழுந்தது. ஆறவிட்டு, பனியன் துணியால் கழுவினேன். அலமாரியில் உன் பழைய பாத்திரத்துக்குள் அதை வைக்கப் போனேன். அளவு சரியாக இருந்தது. உன் வழக்கப்படி நடுவில் வைக்க ஒரு செய்தித்தாளை மடித்தேன்.

மடித்த தாளை உள்ளே போட்டேன். உன் பாத்திரத்தின் உள்ளே ஆணிகளைச் சுற்றி அந்தக் கறுப்பு வளையம் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டு அம்மா தேய்த்தும், உன் மகள் தேய்த்தும் போகாத கறுப்பு. அவ்வளவுதான் மிச்சம் அதில்.

தாளை எடுத்துவிட்டேன். புதியதன் பூச்சில் கீறல் விழும். விழட்டும் என்று வைத்தேன்.